பெஞ்சுகளைக் கழற்றிய கோவில்

போன வருஷம் அறுப்பின் பண்டிகை முடிந்த வாரத்தில் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்டிமேட் அனுப்பினார். எங்கள் ஊர் சிஎஸ்ஐ கோவிலை ஒட்டியிருக்கும் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டுவதற்கான எஸ்டிமேட். கீழே கார் பார்க்கிங், மேலே ஏசி ஹால், தெருப்பக்கம் ஆறு கடைகள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “தம்பி, கமிட்டியில உன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாங்க. அமெரிக்காவுல இருக்க, அங்கெல்லாம் எப்படிப் பண்றாங்கன்னு பாத்துச் சொல்லுப்பா.”

அப்பா சபைக் கமிட்டியில் செயலாளர். ஊர் மதுரைக்கு மேற்கே. நான் ஓய்வுநாள் பள்ளிக்குப் போன காலத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். இப்போது சந்தா கட்டும் குடும்பங்கள் எழுபதைத் தாண்டாது. பசங்க எல்லாரும் சென்னை, பெங்களூரு, என்னை மாதிரி அதற்கும் அப்பால். ஊரிலேயே இருப்பவர்களில் பாதிப் பேர் ஞாயிறு காலை இங்கே தலையைக் காட்டிவிட்டு, மாலை பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஜெப வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே கீபோர்டு உண்டு, கைதட்டல் உண்டு, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பாஸ்டர் டூவீலரில் வீட்டுக்கே வருகிறார். இங்கே பாமாலையை எடுத்துப் பாட நான்கு பெரியம்மாக்கள் மிச்சம். ஆயர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘எதிர்பார்க்கும் மாத வாடகை’ என்று ஒரு வரி இருந்தது. அதை அப்பா மஞ்சள் ஹைலைட்டரால் கோடிட்டிருந்தார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் கோவிலுக்கு ஒழுங்காகப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. போகாதவன் போகிறவர்களுக்கு யோசனை சொல்லலாமா என்ற கூச்சம் வேறு.

*

நான் குடியிருப்பது ஜெர்சி சிட்டியில். அபார்ட்மெண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய சர்ச். அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஒரு ஞாயிறு அங்கே போனேன். இருநூறு பேர் உட்காரும் இடத்தில் இருபத்தியிரண்டு பேர் இருந்தார்கள் (எண்ணினேன், பழக்க தோஷம்). என்னைத் தவிர எல்லாருமே நரைத்த தலை. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் பேரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், அன்பாகவே பேசினார்கள். அப்புறம் பேச்சு பாய்லருக்குத் திரும்பியது. பாய்லர் போய்விட்டது, மாற்ற இவ்வளவு டாலர், யாரிடம் கேட்பது? அந்த மேஜையில் அப்பா உட்கார்ந்திருந்தால் மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட சபைகளை ‘மெயின்லைன்’ என்பார்கள். மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், லூத்தரன், எபிஸ்கோபல், கிறிஸ்துவின் ஐக்கிய சபை, அமெரிக்கன் பாப்டிஸ்ட், டிசைபிள்ஸ் என்ற ஏழையும் ‘ஏழு சகோதரிகள்’ என்று சொல்வதுண்டு. ஃபிலடெல்ஃபியாவின் பழைய ரயில் பாதையை ஒட்டி வசதியானவர்கள் குடியிருந்த புறநகர்களின் பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் வங்கி மேலாளர், கல்லூரி முதல்வர், மேயர் எல்லாரும் இவற்றின் முன்வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். 1960களின் நடுவில் உச்சம். அதன்பின் ஒரே இறங்குமுகம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2007இல் அமெரிக்கர்களில் 18.1 சதவீதம் மெயின்லைன். 2014இல் அது 14.7 சதவீதம். ஏழே வருஷம்.

ஏன் இப்படி என்பதற்கு இரண்டு பதில்கள் புகழ்பெற்றவை. 1972இல் டீன் கெல்லி என்பவர் ஒரு புத்தகம் எழுதினார்: கண்டிப்பான சபைகள்தான் வளரும், ஆளிடம் நிறையக் கேட்கிற சபையில்தான் ஆள் நிற்பான், எதையும் கேட்காத சபையிலிருந்து நழுவிவிடுவான் என்பது வாதம். வேடிக்கை என்னவென்றால் கெல்லி வேலை பார்த்ததே மெயின்லைன் சபைகளின் கூட்டமைப்பான தேசிய சர்ச்சுகள் கவுன்சிலில். சொந்த வீட்டின் அஸ்திவாரம் ஆடுகிறது என்று வீட்டுக்காரரே எழுதிய மாதிரி. இரண்டாவது பதில் 2001இல் வந்தது. மைக்கேல் ஹவுட், ஆண்ட்ரூ கிரீலி, மெலிசா வைல்ட் மூவரும் கணக்குப் போட்டு, இந்தச் சரிவில் சுமார் 76 சதவீதத்துக்குக் காரணம் குழந்தைப் பிறப்பு விகிதம்தான் என்றார்கள். மெயின்லைன் பெண்கள் முன்னதாகவே குறைவாகப் பெற்றுக்கொண்டார்கள், கன்சர்வேட்டிவ் சபைப் பெண்கள் கொஞ்சம் தாமதமாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். இறையியல் சண்டைக்கெல்லாம் அதில் பெரிய இடமில்லை.

எங்கள் ஊருக்கு இரண்டுமே பொருந்துகிறது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு சபைக் கமிட்டி என்ன செய்யும்? கண்டிப்பைக் கூட்டு என்றோ, பிள்ளை பெறு என்றோ தீர்மானம் போட முடியாது. எனவே வேறு மாதிரி தேட ஆரம்பித்தேன். ஆள் குறைந்த பிறகும் செத்துப்போகாமல் இருந்த சபை எதுவாவது உண்டா?

*

மன்ஹாட்டனில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தென்பக்கத்தில் மஞ்சள் செங்கல்லில் ஒரு கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே இத்தாலிய பாணியில் ஒரு மணிக்கூண்டு. பல முறை தாண்டிப் போயிருக்கிறேன், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஏதோ கட்டடம் என்றே நினைத்திருந்தேன். பெயரைப் படித்தபோது நின்றுவிட்டேன். ஜட்சன் மெமோரியல் சர்ச்.

ஜட்சனை எனக்குத் தெரியும். விபிஎஸ் வகுப்பில் ஃபிளானல் துணியில் படம் ஒட்டிக் கதை சொல்வார்கள். பர்மாவுக்குப் போன அடோனிராம் ஜட்சன், ஆவா சிறையில் காலில் விலங்கோடு கிடந்தது, மனைவி ஆன் பைபிள் மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தது. எட்டு வயதில் அந்தத் தலையணைக் கதையைக் கேட்டு அன்று இரவு என் தலையணையைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் கதையின் மிச்சம் தெரிந்தது. 1812 பிப்ரவரியில் மாசச்சூசெட்ஸின் சேலம் துறைமுகத்திலிருந்து ‘கேரவன்’ என்ற கப்பல் கிளம்பியது. அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனரிகளில் இரண்டு ஜோடிகள் அதில் இருந்தார்கள்: ஜட்சன் தம்பதி, சாமுவேல் நியூவெல் தம்பதி. அனுப்பியது அமெரிக்கன் போர்டு எனப்பட்ட காங்கிரிகேஷனல் சபையாரின் மிஷன். கடல் பயணத்தில் ஜட்சன் ஞானஸ்நானம் பற்றிப் படித்துப் படித்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து பாப்டிஸ்ட் ஆகிவிட்டார். அனுப்பியவர்களுக்கே ராஜினாமாக் கடிதம்! கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை விரட்ட, மொரீஷியஸ் போய், 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். அங்கிருந்தும் கம்பெனி நாடு கடத்திவிடும் என்ற பயத்தில், கிடைத்த கப்பலில் ஏறினார்கள். அது ரங்கூன் போகிற கப்பல். பர்மா மிஷன் அப்படி அமைந்ததுதான்.

நியூவெல்லின் பாதை வேறு. அவருடைய மனைவி ஹாரியட் மொரீஷியஸில் இறந்துபோனாள், வயது பத்தொன்பது. நியூவெல் தனியாக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் மிஷன் வேலைக்கு ஏற்ற இடம் என்று அவர் எழுதியதைப் பின்பற்றித்தான் 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை எல்லாம் அந்த வழி. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள். மதுரை மிஷன் பசுமலைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் பரவி, எங்கள் ஊரில் ஓர் ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடத்தைக் கட்டியது. அப்பா இடிக்கச் சொல்கிற பள்ளிக்கூடம் அதுதான். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை என்று போர்டு மாறியது. கட்டடம் அப்படியே நின்றது.

ஆக ஒரே கப்பலில் வந்த இரண்டு பேர். ஒருவரின் பெயரில் நியூயார்க்கில் ஒரு கோவில், இன்னொருவர் எழுதிய கடிதத்தின் கடைக்கோடியில் எங்கள் ஊர்.

*

ஜட்சன் கோவிலைக் கட்டியவர் அடோனிராமின் மகன் எட்வர்ட். 1844இல் மௌல்மீனில் பிறந்தவர். 1880களில் நியூயார்க்கின் கீழ்ப்பகுதியில் ஒரு பாப்டிஸ்ட் சபையில் போதகர். அப்போது வாஷிங்டன் சதுக்கத்தின் வடக்கே பணக்கார வீடுகள், தெற்கே இத்தாலியக் குடியேறிகளின் நெரிசலான குடியிருப்புகள். வசதியான சபைகள் ஒவ்வொன்றாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரத்தின் மேற்பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆள் போன இடத்துக்குக் கோவிலும் போகும் என்பது அன்றைய நடைமுறை. எட்வர்ட் மறுத்தார். யார் மிச்சம் இருக்கிறார்களோ அவர்களுக்காகச் சபை என்றார். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், அவர் சபையில் சேர வாய்ப்பே இல்லாதவர்கள். அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது.

ஏழைகளுக்கான கோவில் ஏழ்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதும் அவருடைய பிடிவாதம். ஜான் டி. ராக்ஃபெல்லரிடம் பணம் வாங்கினார். வடிவமைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் வைட், அந்த நாளின் நட்சத்திரக் கட்டடக் கலைஞர். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் ஜான் லா ஃபார்ஜின் கைவண்ணம். மாதாந்திரச் செலவுக்கு என்ன வழி? இங்கேதான் நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். பக்கத்திலேயே மணிக்கூண்டையும் ஒரு கட்டடத்தையும் எழுப்பி, அறைகளை வாடகைக்கு விட்டார்! அந்த வாடகையில் சபையின் சேவைகள் நடக்க வேண்டும் என்பது திட்டம். அப்பாவின் மஞ்சள் ஹைலைட்டர் வரி, நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே.

திட்டம் எதிர்பார்த்த மாதிரி ஓடவில்லை. 1914இல் எட்வர்ட் இறந்தார். அடுத்த முப்பது வருஷம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஆள் குறைந்தது, பணம் குறைந்தது, மணிக்கூண்டும் விடுதிக் கட்டடமும் கடைசியில் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயின. 1920களின் தொடக்கத்தில் எலினோர் கேம்பெல் என்ற பெண் மருத்துவர் கோவிலுக்குள்ளேயே குடியேறிகளின் குழந்தைகளுக்காக மருத்துவ நிலையம் தொடங்கினார், அது மட்டும் நன்றாக வளர்ந்தது. மற்றபடி ஐடி பாஷையில் சொன்னால் மெயின்டனன்ஸ் மோட். புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை, இருப்பது விழாமல் பார்த்துக்கொள்வது.

*

திருப்பம் 1949இல் போதகராக வந்த ராபர்ட் ஸ்பைக்கிடம் தொடங்குகிறது. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர் திரும்பப் பார்த்தார். இத்தாலியக் குடும்பங்கள் பல போய்விட்டிருந்தன. இப்போது மாணவர்கள், ஓவியர்கள், கவிஞர்கள், வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள். கோவிலுக்குப் போவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காத கூட்டம். 1956இல் ஸ்பைக்கை அடுத்து ஹோவர்ட் மூடி வந்தார். டெக்சாஸ்காரர், இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்தவர், முடியை ஒட்ட வெட்டியிருப்பார். பார்த்தால் புரட்சி செய்யும் ஆள் போலவே இருக்காது. 1992 வரை, முப்பத்தாறு வருஷம் அங்கேயே இருந்தார். எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் மாறிப்போகும் ஆயர்களை நினைத்துக்கொண்டேன். தப்பு அவர்களுடையது இல்லை, டிரான்ஸ்ஃபர் முறை அப்படி. ஆனால் ஒரு தெருவைப் புரிந்துகொள்ளவே மூன்று வருஷம் ஆகும்.

ஓவியர்களுக்கு இடம் வேண்டியிருந்தது, கோவிலிடம் இடம் இருந்தது. தாம்சன் தெருவில் இருந்த ஜட்சன் ஹவுஸின் பேஸ்மெண்டில் 1950களின் கடைசியில் ஒரு கேலரி தொடங்கியது. ஜிம் டைன், கிளாஸ் ஓல்டன்பர்க் போன்றவர்கள் பெயர் தெரியாத இளைஞர்களாக அங்கே படம் மாட்டினார்கள். 1961இல் அல் கார்மைன்ஸ் என்ற இளம் போதகர் துணைக்கு வந்தார். பியானோ வாசிப்பார், இசை நாடகங்கள் எழுதுவார். ஜட்சன் கவிஞர் நாடக அரங்கை அவர் தொடங்கியபோது இரண்டே விதி: பக்தி நாடகம் போடக்கூடாது, தணிக்கை செய்யக்கூடாது.

முதல் விதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோவிலில் பக்தி நாடகம் போடக்கூடாது! எங்கள் வாலிபர் சங்கத்தில் கெட்ட குமாரன் நாடகம் போடாத வருஷமே கிடையாது, பன்றிகளோடு தவிடு தின்னும் காட்சியில் நானே இரண்டு முறை நடித்திருக்கிறேன். இந்த விதியின் அர்த்தம் எனக்கு மெல்லத்தான் பிடிபட்டது. கலைஞர்களைச் சபைக்கு ஆள் பிடிக்கும் தூண்டிலாக வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சபை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டு அது. தூண்டில் இல்லை என்று தெரிந்ததால்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

1962இல் நடனக்காரர்கள் வந்தார்கள். ராபர்ட் டன் நடத்திய பட்டறையில் பயின்ற இவான் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், ரூத் எமர்சன் ஆகியோர் முதலில் நகரத்தின் மரியாதைக்குரிய ஓர் அரங்கில் வாய்ப்புக் கேட்டு, தேர்வாகவில்லை. அப்புறம் ஜட்சனில் கார்மைன்ஸிடம் ஆடிக் காட்டினார்கள். அவர் சரி என்றார். ஜூலை 6, 1962, கொளுத்தும் வெயில் நாள். அனுமதி இலவசம். இருபதுக்கும் மேற்பட்ட துண்டு நடனங்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல். நடப்பது, உட்காருவது, ஓடுவது எல்லாமே நடனம்தான் என்று சொன்ன நடனங்கள். இன்று ‘போஸ்ட்மாடர்ன் நடனம்’ பற்றி எழுதுகிற எந்தப் புத்தகமும் அந்த இரவிலிருந்துதான் தொடங்கும். 2018இல் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா இதற்காகவே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. நடந்தது ஒரு பாப்டிஸ்ட் கோவிலின் ஆராதனைக் கூடத்தில்.

அந்தப் பத்தாண்டில்தான் கூடத்தின் பெஞ்சுகளும் வெளியேறின. எடுத்து அடுக்கக்கூடிய நாற்காலிகள் வந்தன. சனிக்கிழமை ராத்திரி நாடகம், ஞாயிறு காலை ஆராதனை, ஒரே தரை. பெஞ்சு விஷயம் சின்னதல்ல. எங்கள் கோவிலில் மூன்றாவது வரிசை வலப்பக்கம் எங்கள் குடும்பத்துடையது. எழுதி வைக்கவில்லை, ஆனால் வேறு யாராவது உட்கார்ந்தால் பாட்டி பின்னாலேயே நின்று தொண்டையைக் கனைப்பார். பெஞ்சைக் கழற்றினால் பாட்டியின் இடம் போய்விடும். ஜட்சனிலும் இப்படித் தொண்டையைக் கனைத்தவர்கள் இருந்திருப்பார்கள்தான்.

*

ஆனால் கலையை மட்டும் வைத்து இந்தச் சபையை மதிப்பிட்டால் அது வெறும் நல்ல வாடகை அரங்கு என்றாகிவிடும். எனக்கு உறைத்தது வேறு.

1967. நியூயார்க் மாநிலத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிரக் கருக்கலைப்பு குற்றம். (இந்தியாவில் சட்டம் வந்ததே 1971இல்தான்.) வசதியுள்ள பெண்கள் வெளிநாடு போனார்கள், வசதியில்லாதவர்கள் பின்கட்டு அறைகளில் செத்தார்கள். சட்டத்தைத் தளர்த்தும் மசோதா அந்த வருஷம் மாநிலச் சட்டமன்றத்தில் தோற்றது. மூடி மற்ற போதகர்களையும் யூத ரபிகளையும் கூட்டிப் பேசினார். மே 22 அன்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது: கருக்கலைப்பு வேண்டும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லவும், பாதுகாப்பான மருத்துவரிடம் அனுப்பவும் இருபத்தொரு குருமார் தயார். பெயரோடு, தொலைபேசி எண்ணோடு. ஒளிந்து செய்தால் குற்றம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி, ஆகவே வெளிப்படையாகச் செய்வோம் என்பது உத்தி.

இதை நடத்திக் காட்டியவர் ஆர்லீன் கார்மென். ஜட்சனின் நிர்வாகி, பிறப்பால் யூதப் பெண். எந்த மருத்துவர் நம்பகமானவர் என்று எப்படித் தெரியும்? கார்மென் தானே கர்ப்பிணி போல நடித்து மருத்துவர்களிடம் போனார். அறை சுத்தமா, கருவிகள் எப்படி, பெண்ணை மரியாதையாக நடத்துகிறாரா, சொன்ன காசுக்கு மேல் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தார். இந்த அமைப்பு மற்ற மாநிலங்களுக்கும் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குருமார் சேர்ந்தார்கள். சில இடங்களில் வழக்குகள் பாய்ந்தன. 1970 ஜூலையில் நியூயார்க்கில் சட்டம் மாறியது. அதோடு நிற்கவில்லை. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் ஒரு மருத்துவ நிலையம் தொடங்க உதவினார்கள். பிறகு கார்மெனும் மூடியும் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் போனார்கள். திருத்துவதற்குப் போகவில்லை. ராத்திரித் தெருவில் ஒரு வேனை நிறுத்தி, உட்கார இடமும் குடிக்கச் சூடாக எதுவும் கொடுக்கப் போனார்கள்.

கருக்கலைப்பு பற்றி இதைப் படிக்கிறவர்களிடம் ஒரே கருத்து இருக்காது. என் அம்மாவிடம் சொன்னால் முகம் சுளிப்பார். அதே அம்மாதான் எங்கள் தெருவில் ஒரு பெண் நாட்டு மருந்து தின்று ரத்தம் நிற்காமல் கிடந்தபோது, ஆட்டோ பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். அந்தப் பெண் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உறுப்பினர். சங்கத்தில் அதைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு அவள் எழுந்து போகவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை, அப்புறம் வரவே இல்லை. எனக்குப் பதினான்கு வயது. அம்மா ஒரு முறை, ஒரே ஒரு முறை, “அவ யார்கிட்டயாச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

ஜட்சனின் தொலைபேசி எண்ணைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

*

இதெல்லாம் செய்ததால் சபை வளர்ந்ததா? இல்லை. கெல்லி சொன்னது ஓரளவு சரி. ஜட்சனுக்கு வந்து ஆடியவர்கள், பாடியவர்கள், உதவி பெற்றவர்களில் மிகச் சிலரே ஞாயிறு காலை வந்து உட்கார்ந்தார்கள். அது எப்போதுமே சின்னச் சபைதான். தொல்லைக்கும் குறைவில்லை. 1970 நவம்பரில் அமெரிக்கக் கொடியை வைத்து அங்கே நடந்த கண்காட்சிக்காக ஃபெய்த் ரிங்கோல்ட் உட்பட மூன்று கலைஞர்கள் கைதானார்கள். கலையும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கவில்லை. நடன அரங்கம் என்ற கூட்டு முயற்சி இரண்டு வருஷத்தில் கலைந்தது, ஆடியவர்கள் பெரிய அரங்குகளுக்குப் போய்ப் பெரிய பெயர் வாங்கினார்கள்.

ஜட்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் அறுபதுகளின் பளபளப்பிலேயே நின்றுவிடுவது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். மோமாவில் கண்காட்சி வைக்கும் அளவுக்குப் புகழ் வந்த பிறகு ஒரு சபை தன் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம், அதுவும் ஒருவகைச் சாவுதான். அவர்கள் செய்த உருப்படியான காரியம், ஒவ்வொரு பத்தாண்டிலும் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று மறுபடி பார்த்தது. எண்பதுகளில் எய்ட்ஸ். இந்த நூற்றாண்டில் நாடு கடத்தப்படும் அபாயத்தில் இருக்கும் குடியேறிகள். குடியேற்ற அலுவலகத்தில் ஆஜராகப் போகிறவர்களோடு துணைக்குப் போகும் புதிய அடைக்கல இயக்கம் அங்கேதான் இடம்பிடித்தது. ஹெச்1பி விசாவில் இருக்கிற எனக்கு அது வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை. முத்திரை குத்த பாஸ்போர்ட்டை நீட்டும்போது வயிற்றில் ஏற்படும் அந்த இழுப்பு எனக்கும் தெரியும், என் நிலைமை அவர்களுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்றாலும்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு அங்கே போனேன். நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். லா ஃபார்ஜின் சன்னல் வழியாக வந்த வெளிச்சம் வெறும் தரையில் விழுந்தது. கூட்டம் நிறைந்து வழியவில்லை. இங்கேயும் நரைத்த தலைகள் இருந்தன, கூடவே இருபது வயதுக்காரர்களும் ஓரிரு குழந்தைகளும். அறிவிப்பு நேரம் பிரசங்கத்தைவிட நீளம் போலிருந்தது: யாருக்கு என்ன தேவை, யார் எங்கே துணைக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்கு. எங்கள் கோவிலிலும் அறிவிப்பு நீளம்தான். ஆனால் இங்கே அறிவிப்பில் வந்த பெயர்கள் பெரும்பாலும் அந்த அறையில் இல்லாதவர்களுடையவை.

*

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். கேரவன் கப்பலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், தொலைபேசி எண் கதையை மட்டும் கொஞ்சம் மழுப்பினேன். நம் பள்ளிக்கூடக் கட்டடத்தை இடிக்காமல் ஓட்டை மாற்றிவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு சாயங்கால வகுப்பு வைக்கலாமே என்றேன். ஸ்பின்னிங் மில் வேலைக்கு வந்து ஹாஸ்டலில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டுமாவது அந்த இடத்தைத் திறந்துவிடலாமே, போன் பேசவும் சும்மா உட்காரவும் என்றேன். எனக்கே நான் பேசுவது நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

அப்பா பொறுமையாகக் கேட்டார். “நல்ல விஷயம்தான்” என்றார். அப்புறம், “ஆமா, அந்த டான்ஸ் ஆடுனவங்க கிட்ட வாடகை எவ்வளவு வாங்குனாங்க?”

“வாங்கலப்பா. சும்மாதான் குடுத்தாங்க.”

“அப்ப கரண்டு பில்லு யாரு கட்டுனது?”

தேடிப் படித்ததில் இருந்ததைச் சொன்னேன். கேலரி இருந்த அந்த ஜட்சன் ஹவுஸ் இப்போது இல்லை. 1990களின் கடைசியில் அதைப் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள், அந்த இடத்தில் இப்போது சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது.

“வித்துட்டாங்களா!” அப்பாவின் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. “அவங்களும் இடத்தை வித்துத்தான் ஓட்டிருக்காங்க. நாங்க விக்கக்கூட இல்லையே, மண்டபம்தானே கட்டுறோம்.”

“மண்டபத்துல யார் யாருக்கு இடம் குடுப்பீங்கப்பா? வேற சாதிக்காரங்க, வேற மதத்துக்காரங்க கேட்டா?”

“காசு குடுத்தா யாருக்கும் குடுக்கலாம்னுதான் தீர்மானம்.”

“காசு இல்லாதவங்களுக்கு?”

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பின்னணியில் அம்மா ஏதோ கேட்க, அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொல்வது மங்கலாகக் கேட்டது. திரும்ப வந்தவர், “அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு கமிட்டி இருக்கு, அந்த மில் பிள்ளைக எத்தனை பேருன்னு விசாரிச்சு வைக்கிறேன். நீ அந்த ஓடு மாத்துற கணக்கை ஒரு பேப்பர்ல போட்டு அனுப்பு. தமிழ்லயே போடு, இங்கிலீஷ்ல போட்டா கமிட்டியில யாரும் படிக்க மாட்டாங்க” என்றார்.